கைவேலையோடு மொழிப் பரிமாற்றம்: சேலத்து வகுப்பறைகளுக்குச் சில செய்முறைகள்

சேலம் நகரப் பகுதிகளான அம்மாபேட்டையிலோ குகையிலோ ஒரு ஏழாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அங்கே மூன்று நான்கு மொழிகளாவது இருக்கும். தறி வீடுகளில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம். சில தெருக்களில் உருது. மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களில் இந்தி, போஜ்புரி, ஒடியா. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போனால், விடுதிப் பள்ளிகளில் பல மாநிலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே மலையின் கிராமங்களில் மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடிப் பிள்ளைகள் தங்களுக்கே உரிய மலைத் தமிழ் பேசுகிறார்கள். பள்ளி மணி அடித்ததும் இவற்றில் பெரும்பாலானவை மௌனமாகிவிடுகின்றன. ஆசிரியருக்கே தன் வகுப்பில் எத்தனை மொழிகள் உண்டு என்று தெரியாத நிலைதான் வழக்கம்.

பள்ளிகளில் மொழிப் பரிமாற்றம் என்ற பெயரில் பொதுவாக நடப்பது இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துப் பேசச் சொல்வது. பெயர், ஊர், பிடித்த சாப்பாடு. பத்து நிமிடத்தில் விஷயம் தீர்ந்துவிடும். பிறகு இருவரும் தங்களுக்குப் பொதுவாகத் தெரிந்த மொழிக்கு வந்துவிடுவார்கள். இது பிள்ளைகளின் குறை இல்லை. அந்த மொழியில் பேசியே ஆக வேண்டும் என்ற தேவை அங்கே இல்லை, அவ்வளவுதான். அந்தத் தேவையைக் கைவேலை உண்டாக்கும். வரைபடம் ஒருவரிடம், பொருள் இன்னொருவரிடம், நடுவே ஒரு மறைப்பு. இனி வாயைத் திறக்காமல் வேலை ஒரு அடி நகராது. ஆசிரியர் வடிவமைக்க வேண்டியது இந்த நிலையைத்தான். பாடத்தை அது தானாகவே இழுத்துக்கொண்டு வரும்.

இதன் இரண்டு வேர்களும் பழையவை. கைத்தொழில் வழியாகப் பாடம் கற்பது 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் மையம். இருவர் ஒருவருக்கொருவர் தம் மொழியைக் கற்றுக்கொடுக்கும் ‘டேண்டம்’ முறை 1960களின் இறுதியில் ஜெர்மன், பிரெஞ்சு இளைஞர்களின் சந்திப்புகளில் உருவானது. டேண்டத்தின் விதிகள் இரண்டு: இரு மொழிக்கும் சம நேரம், என்ன கற்க வேண்டும் என்பதைக் கற்பவரே முடிவு செய்வது. முதல் விதியைத் தளர்த்தினால் மற்றதெல்லாம் சரிந்துவிடும்.

இணை சேர்ப்பது

‘உன் தாய்மொழி என்ன?’ என்று கேட்காதீர்கள். வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் பிள்ளையும் ‘தமிழ்’ என்றுதான் எழுதும். பள்ளிப் பதிவேட்டில் அப்படி இருக்கலாம். வேறு பதில் சொன்னால் தனித்துத் தெரிவோமோ என்ற கூச்சமும் இருக்கலாம். ‘பாட்டியிடம் எப்படிப் பேசுவாய்? அப்பா கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவார்?’ என்று கேட்டால் சரியான பதில் வரும். வடக்கத்திக் குடும்பங்களைப் பொறுத்தவரை ‘இந்தி’ என்று நாமே எழுதிக்கொள்வதும் தவறு. வீட்டு மொழி போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இந்தியே பள்ளியில் படித்த மொழியாக இருக்கும்.

சேலத்தில் ஒரு எச்சரிக்கை மிகவும் அவசியம். இங்கே வீட்டு மொழியைக் கேட்டால் பல நேரம் சாதியும் சேர்ந்தே வெளிப்படும். அதனால் பட்டியலைச் சுவரில் ஒட்டக் கூடாது, வகுப்பில் உரக்க வாசிக்கவும் கூடாது. ஆசிரியரின் நோட்டில் மட்டும் இருக்கட்டும். இணைகளை அறிவிக்கும்போது ‘நீ தெலுங்கு, நீ தமிழ்’ என்று முத்திரை குத்தாமல், ‘நீங்கள் இரண்டு பேரும் தறி நம்பர் மூன்று’ என்று சொன்னால் போதும்.

ஒரு மொழிக்கு ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறது என்றால் அவனைக் காட்சிப் பொருளாக்காதீர்கள். அவனோடு இரண்டு பேரைச் சேர்த்து மூவர் குழுவாக்குங்கள். அவன் சொல்வதை இருவர் சேர்ந்து புரிந்துகொள்ள முயல்வார்கள். பாரம் அவன் தலையில் மட்டும் விழாது. தமிழ் மட்டுமே தெரிந்த இரண்டு பேர் இணைந்தாலும் கவலையில்லை. ஒருவர் மலைத் தமிழும் மற்றவர் ஊர்த் தமிழும் பேசுபவராக இருந்தால் அதுவும் நல்ல பரிமாற்றமே. அதுவும் இல்லையென்றால் அந்த இணைக்குத் தமிழும் ஆங்கிலமும்.

நேரம்: தொடர்ந்து இரண்டு பாடவேளை வேண்டும், சுமார் 90 நிமிடம். முதல் 10 நிமிடம் சொற்களுக்கு. பிறகு ஒரு மொழிக்கு 25, மறு மொழிக்கு 25. மீதியில் செய்ததை ஒப்பிடுவது, எழுதுவது, குப்பையைக் கூட்டுவது. கடிகாரமோ டைமரோ எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். எந்த மொழி முதலில் என்பது மிக முக்கியம். அந்த வகுப்பில் வலு குறைந்த மொழிக்குத்தான் முதல் பாதி. தமிழும் ஆங்கிலமுமாக இருந்தால் தமிழ் முதலில். தமிழும் சௌராஷ்டிரமுமாக இருந்தால் சௌராஷ்டிரம் முதலில். வலுவான மொழி முன்னால் வந்தால் இரண்டாவது பாதியையும் அதுவே விழுங்கிவிடும்.

பன்னிரண்டு சொற்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல்தாள். பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம். அட்டை, நூல், கத்தரி, பசை என்று பொருள்களின் பெயராக நிரப்பத்தான் முதலில் தோன்றும். அதில் பயன் குறைவு. பொருளை விரலால் சுட்டிக் காட்டிவிடலாம். சுட்டிக் காட்ட முடியாதவை மேலே, கீழே, இழு, விடு, திருப்பு, இன்னும் கொஞ்சம், போதும், மறுபடி, தளர்வாக, ஒன்று விட்டு ஒன்று. வேலை நிற்பதும் இவை இல்லாமல்தான். அதனால் வினைச்சொல் ஆறு, இடமும் அளவும் சொல்பவை நான்கு, பொருள் இரண்டு என்ற கணக்கு நன்றாக வேலை செய்யும்.

தெலுங்கில் பைன, கிந்த, லாகு, சாலு. கன்னடத்தில் மேலெ, கெளகெ, எளெ, சாகு. இந்தியில் ஊபர், நீச்சே, கீஞ்சோ, பஸ். தெலுங்கும் கன்னடமும் தமிழுக்கு நெருக்கமாக இருப்பதால் பிள்ளைகள் பாதியை ஊகித்துவிடுவார்கள். அந்த இணைகளுக்குச் சொற்களைக் குறைத்து முழு வாக்கியம் கேளுங்கள். இந்தி, ஒடியா இணைகளுக்குச் சொல்லே போதும்.

சொற்களை அந்தப் பிள்ளையே சொல்ல, கூட்டாளி தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். சேலத்தில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் பல பிள்ளைகளுக்கு அந்த மொழியின் எழுத்து தெரியாது. தெரியவில்லை என்பதைக் குறையாக்கக் கூடாது. தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு ஒலிகள் வரும் சிக்கலுக்கு, சுலோகப் புத்தகங்களில் உள்ளதுபோல் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிறிய எண் போடுவது எளிய வழி. தமிழ் எழுத்தில் அச்சான சௌராஷ்டிரப் புத்தகங்களிலும் இந்த வழக்கம் உண்டு. ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

இந்தி பேசும் பிள்ளைக்குத் தமிழில் இடறும் இடம் வேறு. ழ, ற எல்லாரும் எதிர்பார்ப்பவை. எதிர்பாராதது எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு; இந்தி எழுத்தில் இந்தக் குறில், நெடிலுக்குத் தனித்தனிக் குறி இல்லை. வரைபட வேலையில் ‘கொடு’ என்றும் ‘கோடு’ என்றும் மாறி மாறி வருவதால் குழப்பம் நிச்சயம். முதல் நாளிலேயே இந்த இரண்டையும் சொல்தாளில் அடுத்தடுத்து எழுதி, கையைத் தட்டி நீளத்தைக் காட்டிவிடுங்கள்.

அட்டைத் தறி

முதல் வேலையாக இதைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. செலவு இல்லை, தவறு கண்ணுக்குத் தெரியும், இந்த ஊரில் திருத்திச் சொல்ல ஆள் இருக்கிறது.

ஒரு இணைக்கு வேண்டியவை: மளிகைக் கடைப் பெட்டி அட்டை, 15 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளம். பாவுக்கு, அதாவது நீளவாக்கில் கட்டும் நூலுக்கு, தடித்த பருத்தி நூல் 9 மீட்டர். பாவின் குறுக்கே ஓடும் ஊடைக்கு 1.5 செ.மீ. அகலத்தில் கிழித்த பழைய வேட்டித் துணி 7 மீட்டர். ஊசிக்கு ஒரு ஐஸ் குச்சி. ஊடையை இறுக்க ஒரு பழைய சீப்பு. ஒரு பென்சில். இருபது இணைகளுக்கு நாலு முழ வேட்டி இரண்டு போதும். ஒரு வேட்டியிலிருந்து 150 மீட்டர் வரை நாடா கிழிக்கலாம்.

அட்டையின் இரண்டு குறுகிய ஓரங்களிலும் பக்கத்துக்கு 1.5 செ.மீ. விட்டுவிட்டு, 5 மி.மீ. இடைவெளியில் 25 வெட்டுகள், ஒவ்வொன்றும் 8 மி.மீ. ஆழம். நெசவு அகலம் 12 செ.மீ. வரும். இருபத்தைந்துக்குப் பதில் 24 வெட்டு போடும் இணைகள் நிறைய இருக்கும், 12 செ.மீ.யை 5 மி.மீ.யால் வகுத்தால் 24 இடைவெளிதானே வருகிறது! இடைவெளிக்கும் கோட்டுக்கும் ஒன்று வித்தியாசம் என்பதைக் கணக்குப் பாடத்தில் எத்தனை முறை சொன்னாலும் பதியாதது, இங்கே மேல் ஓரமும் கீழ் ஓரமும் பொருந்தாமல் நூல் சாயும்போது பதியும். வெட்டுகளுக்கு 1 முதல் 25 வரை எண் எழுதச் சொல்லுங்கள். பின்னால் அதுதான் பேச்சுக்கு ஆதாரம்.

அட்டையின் உள்ளே அலை அலையாக இருக்கும் தாள் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து வெட்டுங்கள். அந்த வரிகள் பாவின் திசையிலேயே, அதாவது 28 செ.மீ. நீளத்தில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பாவு இறுகியதும் அட்டை அந்த வரியில் மடிந்துவிடும். இதை முன்னாலேயே சொல்லாமல், பாதி இணைகளுக்கு ஒரு திசையிலும் மீதிக்கு மறு திசையிலும் அட்டை கொடுத்துப் பார்க்கலாம். எந்தத் தறி ஏன் மடிந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பது நல்ல அறிவியல் பாடம். மடிந்தவர்களுக்குக் கொடுக்க மாற்று அட்டை கையில் இருக்கட்டும்.

பாவு கட்டும்போது நூலை வீணையின் தந்திபோல் இறுக்கிவிடுவார்கள். நெய்ய நெய்ய ஊடை மேலும் கீழுமாகப் புகுந்து பாவை இன்னும் இழுக்கும். கடைசி 5 செ.மீ.யில் ஊசி நுழைய இடமிருக்காது. அதனால் பாவு கட்டும் முன்பே மேல் ஓரத்துக்குக் கீழே அட்டையின் மீது பென்சிலைப் படுக்க வைத்து, அதன் மேல் நூலை ஓட்டுங்கள். இறுக்கம் கூடும்போது பென்சிலை உருவிவிட்டால் தேவையான தளர்வு கிடைக்கும்.

பாவுக்குக் கம்பளி நூல் உதவாது, அது நீளும். தறி வீடுகளில் கேட்டால் கழிவு நூல் கிடைக்கும். ஆனால் சேலை நூல் ஒற்றை இழையாக மிகவும் மெல்லியது, விரலை அறுக்கும், வெட்டிலிருந்து நழுவும். எட்டு இழை சேர்த்து முறுக்கினால்தான் பாவுக்கு ஆகும். முறுக்குவதையே ஒரு தனிப் பாடவேளையாக வைக்கலாம். ஐஸ் குச்சியில் துளை போட்டால் நீளவாக்கில் பிளந்துவிடும். அரை மணி நேரம் வெந்நீரில் ஊறப்போட்டு, நுனியிலிருந்து 1 செ.மீ. தள்ளித் துளையிடுங்கள்.

இனி மொழி. வேலை அட்டையில் படமும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், எழுத்து ஒன்றுகூட வேண்டாம். தமிழில் எழுதியிருந்தால் பிள்ளை அதை வாசித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். படத்தைப் பார்த்துத் தன் மொழியில் தானே வாக்கியம் கட்ட வேண்டும். முதல் 25 நிமிடம் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளையிடம் அட்டை வெட்டும் படம். தமிழ்ப் பிள்ளை கையில் கத்தரி. அடுத்த 25 நிமிடம் பாவு கட்டும் படம் தமிழ்ப் பிள்ளையிடம், நூல் மற்றவரிடம். நடுவே நிமிர்த்தி வைத்த ஒரு பெரிய நோட்டு மறைப்பாக இருக்கட்டும். கேள்வி கேட்கலாம், கையால் காட்டக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

அடுத்த வகுப்பில் நெசவு. கட்டம் போட்ட தாளில் 25 கட்டம் அகலம், 10 வரி உயரம். கறுத்த கட்டம் என்றால் ஊடை மேலே, வெள்ளை என்றால் கீழே. ஒருவர் வரியைத் தன் மொழியில் வாசிக்க மற்றவர் ஊசியை ஓட்டுவார். வரிக்கு வரி ஆளும் மொழியும் மாறும். முதலில் ஒன்று மேல் ஒன்று கீழ் என்ற சாதா நெசவு. பிறகு இரண்டு மேல் இரண்டு கீழ், ஒவ்வொரு வரியிலும் ஒரு நூல் தள்ளி. இதில்தான் பேச்சு சூடு பிடிக்கும். ‘ஏழாவது நூலுக்கு மேலே போ, எட்டும் ஒன்பதும் கீழே, இல்ல இல்ல, திரும்பி வா’ என்று எண்ணும் இடச்சொல்லும் இடைவிடாமல் வரும். சொல்தாளை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முந்தின வரி போலவே அடுத்த வரியையும் ஓட்டினால் இரண்டு ஊடையும் ஒரே வழியில் கிடக்கும். சீப்பால் தட்டினால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் முதல் நூல் மேலா கீழா என்று கூட்டாளியிடம் கேட்டுவிட்டுத் தொடங்கும் பழக்கம் இதைத் தடுக்கும். இரண்டாவது, ஊடை நாடாவை நீளமாக வெட்டிக்கொள்வது. ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் சிக்குதான். மூன்றாவதுதான் எல்லாத் தறியிலும் வருவது: கீழே 12 செ.மீ. இருந்த அகலம் மேலே போகப் போக 9 செ.மீ. ஆகிவிடும். ஊடை நேர்கோட்டில் போவதில்லை, ஒவ்வொரு நூலுக்கும் ஏறி இறங்குகிறது; அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். இழுத்து நேராக்கினால் அந்த நீளத்தை ஓர நூல்களைப் பிடித்து உள்ளே இழுத்துத்தான் ஈடுகட்டும். ஊடையை ஒரு சிறு மேடுபோல் வளைத்துப் போட்டு, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீப்பால் தட்டினால் கரை நேராக நிற்கும்.

இந்த மூன்றாவது சிக்கலுக்கு நம்மைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். ஒரு பாட்டியையோ தாத்தாவையோ அரை மணி நேரம் அழையுங்கள். மேடையேற்றிப் பேசச் சொன்னால் கூச்சப்படுவார்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தறியைப் பார்க்கச் சொன்னால் போதும். ‘இழுக்காத கண்ணு, நூலப் படுக்க வை’ என்ற ஒரு வாக்கியம் முழு வகுப்பையும் திருத்திவிடும். அவர் பிள்ளைகளிடம் வீட்டு மொழியிலேயே பேசலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பள்ளிக்கூடம் என்பதற்காகச் சிரமப்பட்டுத் தமிழுக்கு மாறுவார். தறிக்காரர்களுக்குச் சேலைக் கணக்கில்தான் கூலி. அரை நாள் போனால் அரை நாள் வருமானம் போனது. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும் இடைவெளியில் கூப்பிடுங்கள். பள்ளி நிதியிலிருந்து அவருக்கு உரிய தொகையையும் கொடுங்கள். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது சரியில்லை.

வளையச் சங்கிலி

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளிக் கொலுசு வீட்டு விஷயம். வகுப்பில் வெள்ளி தேவையில்லை. 20 கேஜ் செம்புக் கம்பி ஒரு பிள்ளைக்கு 1 மீட்டர், மூக்குக் குறடு இணைக்கு இரண்டு, ஒரு பென்சில், கொஞ்சம் எமரித்தாள். எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். வெட்டிய கம்பி முனை குத்தும்.

வடிவமைப்பு நேர்காணலிலிருந்து தொடங்கட்டும். யாருக்காகச் செய்கிறோம், எங்கே மாட்டுவார், எந்தக் கையால் மாட்டுவார், முன்பு இருந்தது எங்கே அறுந்தது, எது உறுத்தியது என்று ஐந்து கேள்விகள், கூட்டாளியின் மொழியில். விரல் மரத்துப்போன பாட்டியால் சின்னத் திருகைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பதில் வந்தால் அதுவே வடிவமைப்புப் பிரச்சினை. பெரிய கொக்கி வேண்டும். அளவைத் தன் மணிக்கட்டிலோ கணுக்காலிலோ தானே நூல் சுற்றி எடுக்கட்டும், மற்றவர் காலைத் தொட வேண்டியதில்லை. கொலுசு என்றால் பையன்கள் ஒதுங்குவார்கள். கைச்சங்கிலி, சாவிச் சங்கிலி என்று விரித்துவிடுங்கள்.

கணுக்கால் 21 செ.மீ. என்றால் சங்கிலி 23 செ.மீ. வேண்டும். கம்பியைப் பென்சிலில் நெருக்கமாகச் சுற்றி, ஒரே பக்கத்தில் வெட்டினால் உள்விட்டம் சுமார் 7 மி.மீ. உள்ள வளையங்கள் வரும். எத்தனை வளையம் வேண்டும்? பிள்ளைகள் வளையத்தை ஸ்கேலில் வைத்து அளப்பார்கள். கம்பியின் தடிமன் 0.9 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து வெளிவிட்டம் 8.8 மி.மீ. 230ஐ 8.8ஆல் வகுத்து 26 என்பார்கள். கோத்து முடித்து இழுத்தால் 18 செ.மீ.க்குச் சற்று மேல்தான் இருக்கும். காரணம், இழுத்துப் பிடித்த சங்கிலியில் அடுத்தடுத்த வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றன; ஒரு வளையம் கூட்டும் நீளம் அதன் உள்விட்டம் மட்டுமே. 7ஆல் வகுத்தால் 33. இந்த வித்தியாசத்தை முன்கூட்டிச் சொல்லாமல் விடுவதே நல்லது. மூன்று வளையம் கோத்து அளந்து, ஆறு கோத்து அளந்து, அவர்களே விதியைப் பிடிக்கட்டும். அந்த விவாதம் இரு மொழியிலும் நடக்கும். ‘உள்ளே, வெளியே, குறைகிறது, ஏன்?’ என்ற நான்கு சொற்களும் அப்படியே நிற்கும்.

வளையத்தைத் திறக்கும்போது இரு முனையையும் வெளிப்பக்கமாக விரிக்கக் கூடாது, மறுபடி வட்டமாகாது. ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருகித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். மூடிய இடத்தில் நகம் மாட்டினால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். இதைச் சொல்லாலேயே விளங்க வைக்கச் சொல்லுங்கள். கையால் காட்டாமல் ‘திருகு’ என்பதை விளக்குவது கடினம். கடினம் என்பதால்தான் அங்கே மொழி வளர்கிறது.

மலையும் ஊரும்

ஒரே வகுப்பில் வேறு மொழி இல்லாத பள்ளிகளுக்கு இது பொருந்தும். சேலத்தில் ஒரு பள்ளி, ஏற்காட்டில் ஒரு பள்ளி. இரண்டுக்கும் நடுவே சாலை முப்பது கிலோமீட்டர் அளவுதான், உயரமோ ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம். இரு பக்கமும் ஒரே மாதிரி மழைமானி செய்து, தினமும் காலை 8.30க்கு அளந்து, வாரம் ஒருமுறை குரல் பதிவாக அனுப்புவது. இந்திய வானிலைத் துறையின் மழை நாளும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரைதான், அதனால் அவர்கள் வெளியிடும் அளவோடு ஒப்பிட முடியும்.

இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில், இடுப்பு ஒடுங்காமல் நேராக இருப்பது. கழுத்துக்குக் கீழே வெட்டி, மேல் பகுதியைப் புனல்போல் கவிழ்த்துச் செருகி, ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை நீர் ஊற்றி அதையே சுழியம் என்று குறிக்க வேண்டும். இதை விட்டால் முதல் மழையின் அளவு தவறிவிடும். சரிபார்க்க ஊசி மருந்துக் குழல் போதும்: உள்விட்டம் 10 செ.மீ. என்றால் 78.5 மி.லி. நீர் ஊற்றும்போது மட்டம் 10 மி.மீ. உயர வேண்டும். பாட்டில் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், அதற்குக் கீழே வைத்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் நீரும் உள்ளே விழும். காற்றுக்குச் சாயாமல் இரண்டு ஹாலோ பிளாக் நடுவே நிறுத்துங்கள்.

ஏற்காட்டில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. காப்பித் தோட்டத்தின் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே வைத்தால், மழை பெய்யாத நாளிலும் மூடுபனி இலையில் படிந்து சொட்டிப் பாட்டில் நிறையும். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். முடியாத இடத்தில் ஒன்றை மரத்தடியிலும் ஒன்றை வெளியிலும் வைத்து இரண்டையும் அனுப்பலாம். ஊர்ப் பிள்ளைகள் ஏன் இரண்டு எண் என்று கேட்பார்கள், மலைப் பிள்ளைகள் விளக்குவார்கள்.

குரல் பதிவு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்த வாரத்தின் அளவுகள், ஒரு கேள்வி, அடுத்த வாரத்துக்கு ஓர் ஊகம். பாதி தன் மொழியில், பாதி கேட்பவரின் மொழியில். ஆசிரியரின் போனிலிருந்து மட்டும் அனுப்புங்கள். பிள்ளைகளின் முகமோ எண்ணோ போக வேண்டாம். விடுதிப் பள்ளியும் கிராமப் பள்ளியும் இணைந்தால் ஆங்கிலம் பேசுபவர் கற்றுக்கொடுப்பவராகவும் மற்றவர் கற்பவராகவும் மட்டும் ஆகிவிடும் ஆபத்து உண்டு. மேகம், காற்றின் திசை, எந்த மண் எவ்வளவு நேரம் ஈரம் தாங்கும் என்பதெல்லாம் கிராமத்துப் பிள்ளைக்குத் தெரிந்தவை. கேள்விப் பட்டியலில் பாதியை அந்தப் பக்கமிருந்தே எடுங்கள்.

திருத்துவதும் மதிப்பிடுவதும்

கூட்டாளி பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்தக் கூடாது. முறை முடிந்த பிறகு, அதிகபட்சம் மூன்று திருத்தம். வேலை நின்றுபோகக் காரணமான தவறு முதலில், ஒலி பிறகு, இலக்கணம் கடைசியில். ஆசிரியருக்கும் இதே அளவுதான். அந்தந்த மொழிக்கு அந்தப் பிள்ளையே கடைசி வார்த்தை. ஆசிரியருக்குத் தெரிந்த புத்தகத் தெலுங்கை வைத்துச் சேலத்துத் தெலுங்கைத் திருத்த வேண்டாம்.

மதிப்பெண் போட்டால் நன்றாகப் பேசத் தெரிந்தவரே எல்லாவற்றையும் பேசுவார், கைவேலை நன்றாக வருபவரே எல்லாவற்றையும் செய்வார். அதற்குப் பதில் ஒரு சோதனை: இருவரும் சேர்ந்து, தாங்கள் செய்ததற்கு எட்டு வரிக்குள் செய்முறை எழுத வேண்டும், ஒவ்வொருவரும் கூட்டாளியின் மொழியில் நான்கு வரி. அந்தத் தாளை வேறு இணையிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். எழுதியவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. செய்பவர் தயங்கி நிற்கும் வரியைப் பென்சிலால் குறிக்க வேண்டும். பெரும்பாலும் அளவு விட்டுப்போன வரியாகவோ, எந்தப் பக்கம் என்று சொல்லாத வரியாகவோதான் அது இருக்கும். ‘நூலைக் கட்டு’ என்று இருக்கும். எங்கே, எத்தனை முடிச்சு என்று இருக்காது. அந்த வரியை மட்டும் திருத்தி எழுதி, இன்னொரு இணையிடம் கொடுங்கள். இரண்டாவது முறையும் அதே இடத்தில் நின்றால் குறை சொல்லில் இல்லை, வடிவமைப்பிலேயே இருக்கலாம். படத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணைகளை ஒரு வேலை முழுவதும் மாற்றாதீர்கள், அடுத்த வேலைக்குக் கட்டாயம் மாற்றுங்கள். சொல்தாள்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வகுப்பின் அலமாரியில் வைத்தால், புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாளில் கொடுக்க அதில் அவர் மொழியில் ஒரு தாளாவது இருக்கும். இல்லையென்றால் ஒரு வெற்றுத் தாளும் பென்சிலும் கொடுத்து, பன்னிரண்டு சொற்களை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.